புல்லைப் பார்க்கப் போனவன்

வெள்ளிக்கிழமை இரவே சுண்ணாம்பு கரைத்துவிட்டேன்.
ஜூலைக் குளிர். வாளி விளிம்பில் உறைபனி.
முளையடித்து, நூல் பிடித்து,
நிற்காமல் தள்ள வேண்டும் வண்டியை;
நடுவில் தும்மினால்கூடக் கோடு காட்டிக்கொடுத்துவிடும்.
பத்தொன்பது வருடமாக இந்த ஊருக்குக்
கோடு போடுகிறவன் நான்.

"தோலைப் பார்த்துக் கோடு கிழிக்கிற நாடு, டெஸ்மண்ட்.
அவர்கள் ஆடுவதற்கா இத்தனை நேர்த்தி?"
வியாழனன்று கேட்டாள் ஹுஹானா,
தேநீர்க் கடையில் குவளைகளை அடுக்கியபடி.
எனக்குத் தெரிந்தது புல், என்றேன்.
சனிக்கிழமை விடுப்பு கேட்டிருந்தாள்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.

ஆற்றுப் பக்கத்து வேலி
முதலில் குனிந்தது,
பிறகு படுத்துக்கொண்டது.
முந்நூறு பேர் இருக்கும்.
நடு மைதானத்தில் கைகோத்து நின்றுவிட்டார்கள்.
மோட்டார் சைக்கிள் தலைக்கவசம், மழைக்கோட்டு,
மார்பில் கட்டிய சோபா மெத்தை,
தடியடிக்கு எதிராக, அவ்வளவுதான் கவசம்.
ஒரு கன்னியாஸ்திரீ.
செவ்வாயன்று என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய
டாக்டர் லவரிட்ஜ்.
அவர் முழங்கையில் கை கோத்து
ஹுஹானா.

அரங்கெல்லாம் தொண்டை.
காராஜ் வைத்திருக்கும் என் மைத்துனன் கிளைவ்
பெஞ்சின் மேல் ஏறி நின்று கத்தினான்;
அவன் வாய் அசைவது தெரிந்தது,
சொல் தெரியவில்லை.
ஊர் இரண்டுபட்டது.
கூத்தாடிகளுக்கும் கொண்டாட்டமில்லை:
சுவருக்கு அந்தப் பக்கம் உடைமாற்றும் அறையில்
பூட்ஸ் நாடாவைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக
உட்கார்ந்திருந்தார்கள்.

நான் உள்ளே போனேன்.
சத்தியமாகப் புல்லைப் பார்க்கத்தான் போனேன்.
வடக்குக் கம்பத்தடியில் புதிதாக விதைத்திருந்தேன்,
முளை விரல் நகம் அளவுகூட வளரவில்லை.
"கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், இங்கே நாற்று" என்றேன்.
தாடிக்காரப் பையன் ஒருவன் குனிந்து பார்த்து,
"மன்னிக்கணும்" என்று நகர்ந்தான்.
அவன் நகர, பக்கத்தில் இருப்பவள் நகர,
முழுச் சங்கிலியும் ஒரு தப்படி நகர்ந்தது,
என் நாற்றுக்காக.

ஆட்டம் ரத்து என்றது ஒலிபெருக்கி.
அப்புறம் வந்த சத்தத்துக்கு என்னிடம் வார்த்தை இல்லை.
பீர் டின்கள். பாதி நிறைந்தவை.
ஒன்று என் புருவத்தில் விழுந்தது.
சுண்ணாம்புக் கோட்டில் சிவப்பு சொட்டியபோது
வெற்றிலை போட்டவன் வாய் போல இருந்தது
என்று நினைக்கிறேன், இல்லை,
அப்போது எதுவும் நினைக்கவில்லை.
யாரோ என் கையைக் கோத்துக்கொண்டார்கள்.
நான் எடுக்கவில்லை.

ஞாயிறு காலை புல்லெங்கும் குத்தாணி,
யார் தூவியதோ.
வாசலில் ஒரு பெரிய காந்தம் கிடந்தது,
கிளைவின் காராஜிலிருப்பது.
கதவைத் தட்டாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.
எறிந்தது யாரென்று நான் கேட்டதில்லை.
அவன் வெகு நாள்
என் நெற்றியைப் பார்த்துப் பேசியதில்லை.

முழங்காலிட்டுத் தேய்த்தேன். நானூற்றுப் பன்னிரண்டு.
திங்களன்று ஹுஹானா தேநீர் தந்தாள்,
சர்க்கரை கேட்காமலே இரண்டு கரண்டி.
அவள் பூட்ஸ் ஓரத்தில் என் சுண்ணாம்பு.

இப்போதும் வருடத்துக்கு ஒரு முறையாவது
புல்வெட்டியின் தகட்டில் 'ணங்' என்று ஒன்று.
எடுத்து ஜாம் பாட்டிலில் போடுகிறேன்.
நீங்களும் உள்ளே ஓடினீர்களாமே என்று
சனிக்கிழமைப் பையன்கள் கேட்பார்கள்.
புல்லைப் பார்க்கப் போனேன், என்கிறேன்.
குளிர் நாட்களில்
புருவத் தழும்பு அதை நம்புவதில்லை.