இடப்பக்கக் கதவு

ஒஸ்ட்ராவாவில், டிராம் பணிமனைக்குப் பின்னால்,
வினைல் வெட்டி ஒட்டும் எங்கள் கடையில்
அதிகம் போவது இந்த எழுத்துதான்:
தடித்தது, பாதமில்லாதது,
வலப்பக்கம் பன்னிரண்டு பாகை சாய்ந்தது.
பட்டியலில் அதற்கொரு எண் உண்டு.
நாங்கள் 'அவசரக்காரன்' என்போம்.

டயர் கடைக்கு அவன்.
ஹாக்கி ஆட்டக்காரர் முதுகுக்கு அவன்.
'இன்று மட்டும் பாதி விலை' என்று
எட்டு மாதமாகக் கத்தும் சோபாக் கடைக்கும் அவனே.
ஒருமுறை கல்யாணப் பத்திரிகைக்குக் கேட்டார்கள்;
மாப்பிள்ளை பந்தயத்தில் பைக் ஓட்டுபவராம்.
அடித்துக் கொடுத்தோம்.
மணமகள் பெயர் மணமகன் பெயரைத்
துரத்திக்கொண்டு ஓடியது.

உரிப்பதற்கு நல்லவன்.
மெலிந்த எழுத்துகள் சாமணத்தில் சிக்கி நூலாய்க் கிழியும்;
இவன் ஒரே இழுப்பில் முழுசாய் வருவான்.
வட்ட எழுத்தின் வயிற்றிலிருந்து எடுத்த
சாய்ந்த சிறு விதை மட்டும்
முழங்கையில் ஒட்டி வீடுவரை வந்துவிடும்.

நீளமாகப் பேசத் தெரியாது.
மருந்துப் பெட்டியின் பக்கவிளைவுகளை
இவனிடம் கொடுத்துப் பாருங்கள்,
மூன்றாம் வரியில் படிப்பவருக்கு மூச்சு வாங்கும்.
ஒரு சொல், மிஞ்சினால் இரண்டு,
ஒரு தொலைபேசி எண். அவ்வளவுதான்.

சாய்வது என்றால் எத்தனையோ.
பொழுது சாயும். அடிபட்டவன் சாய்வான்.
சாப்பிட்டுவிட்டுச் சற்றே சாய்வோம்.
இவன் சாய்வதோ
விசில் ஊதுவதற்கு முந்தைய நொடியில்
ஓட்டக்காரியின் முழங்கால் சாய்வதுபோல.

மார்ச்சில் ராதோவன் வ்ரானா வந்தார்,
கடனில் வாங்கிய வெள்ளை வேனோடு.
சுரங்கத்தில் இருந்தவர், இனி பார்சல்.
வ்ரானா என்றால் அவர்கள் மொழியில் காகம்.
பெயரின் நடு எழுத்துக்கு மேல் ஒரு கீற்று உண்டு;
அது காற்றில் கழன்ற தொப்பிபோல் நின்றது.
வலப்பக்கக் கதவு முடிந்ததும்
நிறுத்தி வைத்த வண்டி எண்பதில் போனது.
அவர் சிரித்தார்.

பிறகு இடப்பக்கம் வந்தார்.

இதை நாங்கள் வாடிக்கையாளரிடம் சொல்வதில்லை.
இந்தப் பக்கம் வண்டியின் முகம் இடதில் இருக்கிறது,
எழுத்தோ எப்போதும்போல் வலதில் சாய்கிறது.
உலகத்தின் எல்லா அவசர வண்டிகளும்
ஒரு பக்கம் பாய்கின்றன,
மறுபக்கம் எதிர்காற்றில் பின்வாங்குகின்றன.
பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை.

"இங்கே யாரோ பிடித்து இழுக்கிறார்களே" என்றார் வ்ரானா.

முதலாளி க்வ்யெதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
"திருப்பிச் சாய்க்கலாம். பத்து நிமிட வேலை.
ஆனால் மல்லாந்து விழுகிறவன்போல் இருக்கும்."

அவர் ஈர எழுத்தின் மேல் கட்டைவிரலை ஓட்டினார்.
ஒரு குமிழி நகர்ந்து ஓரத்தில் வெளியேறியது.
"இருக்கட்டும். நான் உட்காருவது இந்தப் பக்கம்தானே."

டிசம்பரில் சிக்னலில் பார்த்தேன்.
உப்புச் சேறு பாதி எண்ணைத் தின்றிருந்தது.
கண்ணாடியை இறக்கிவிட்டு
மடியில் தூள் சிந்த ரொட்டி தின்றுகொண்டிருந்தார்,
பச்சை விழுந்ததைப் பார்க்காமல்.