பூச்சியத்திலிருந்து அல்ல

நோர்வூட் பஸ்ஸின் பின்சில்லு எவ்வளவு கனமோ
அவ்வளவு கனத்தை
வினாடிக்கு நாலு தடவை
ஓர் இரும்புத் தகட்டின் மேல் வைத்து எடுக்கிறது இயந்திரம்.
வைத்து எடுக்கிறது. வைத்து எடுக்கிறது.
நாவலப்பிட்டி மழை தகரக் கூரையில்
அதற்கும் மேலே சத்தம் போடுகிறது.

பதினாலு மில்லிமீற்றர் தடிப்பு.
அடியில் பீலிபோல் வளைத்த மூன்று விலா,
வெல்டிங் ஜவ்பர் நானா.
இருபது லட்சம் தடவை தாங்கினால்
ஆற்றுக்குக் குறுக்கே போடலாம்.

தங்கச்சி போனில் கேட்டாள்,
இரும்புக்குக் களைக்குமா அக்கா?
களைக்கும்.
முறிக்கிற பாரம் தேவையில்லை,
தாங்கக்கூடிய பாரமே போதும், திரும்பத் திரும்ப.
நமக்கென்றால் படுத்து எழும்பினால் போகும்.
இதற்குப் போகாது.
நிறுத்தி வைத்தாலும்
விட்ட இடத்திலேயே நிற்கும்.

எண்ணுவது கவுண்டர்.
மணிக்கொரு தரம் அது சொல்வதை
சி.ஆர். கொப்பியில் எழுதுவது,
தேத்தண்ணி ஊற்றுவது,
தூங்காமல் இருப்பது நான்.

ஐந்தாம் இரவு பன்னிரண்டு மணிக்கு எழுதினேன்:
1376412.
பிந்தி வந்த பதுளை மெயில் ஊதிக்கொண்டு போனது.
அதன் கடைசிப் பெட்டியோடு கரண்டும் போனது.
ஜெனரேட்டரில் டீசல் இல்லை.
டீசல் வரிசையில் எங்கள் கேன்
இரண்டு நாள் நின்றது.

கரண்ட் வந்தபோது கவுண்டரில் பூச்சியம்.
உள்ளே இருந்த சின்ன பற்றரி எப்போதோ செத்திருக்கிறது.
எஞ்சினியர் விதுர இரண்டு கையையும் விரித்தார்.
"முதலிலிருந்து தொடங்குவோம், வேறு வழியில்லை."
"சேர், மறந்தது பெட்டிதான்.
இரும்பு மறக்கவில்லையே."

கொப்பியை விரித்தேன்.
இருட்டின நேரம் என் கைக்கடிகாரத்தில் பன்னிரண்டு இருபது.
நிமிடத்துக்கு இருநூற்று நாற்பது,
இருபது நிமிடத்துக்கு நாலாயிரத்து எண்ணூறு.
பென்சிலால் கூட்டினேன்: 1381212.
இரண்டு முறை சரிபார்த்தார்.
பேனாவால் எழுதச் சொன்னார்.

பதினேழு லட்சம் தாண்டி ஒரு காலையில்,
மூன்றாம் விலாவின் ஓரத்தில்
சிவப்புச் சாயம் தடவித் துடைத்து
வெள்ளைப் பவுடர் அடித்தபோது
ஒரு மயிர். சிவப்பு மயிர்.
நகத்தால் தடவினால் தட்டுப்படாது.

"என்ட வெல்டிங்கா?" என்று கேட்டுக்கொண்டே
கம்பளையிலிருந்து வந்தார் ஜவ்பர் நானா.
யாரும் ஆம் என்று சொல்லவில்லை.

அறுத்தெடுத்துப் பிளந்து பார்த்தோம்.
முறிந்த முகத்தில் வரிவரியாய்,
காசல்ரீ வற்றும்போது கரையில் விட்டுவிட்டுப் போகுமே,
அந்தமாதிரிக் கோடுகள்.
மற்றதெல்லாம் மினுங்க
நடுவில் ஒன்று மட்டும் தடித்து, துருநிறத்தில்.
இரண்டு நாள் ஓய்வு. இரண்டு நாள் ஈரக்காற்று.
கவுண்டர் தொலைத்த இரவை
இரும்பு தன்பாட்டில் எழுதி வைத்திருந்தது.

அப்படியென்றால்
நான் பென்சிலால் கூட்டிய அன்றைக்கே
வெடிப்பு உள்ளே இருந்திருக்கிறது.
முழுசாய்த் தெரிந்த தகட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
தேத்தண்ணி குடித்திருக்கிறேன்.

கோடுகள் சுருங்கிச் சுருங்கி
கடுகளவு புள்ளியில் போய் முடிந்தன.
ஜவ்பர் நானா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
வெகுநேரம் குனிந்திருந்தார்.
"ராட் முடிஞ்ச இடம் இது.
புது ராட் மாட்டினேன்.
கொஞ்சம் மூச்சு வாங்கினேன்.
அவ்வளவுதான் மகள்."

வெல்டிங் நின்று தொடங்கிய இடம் என்று
'ஆரம்பம்' கட்டத்தில் எழுதினார் விதுர.
மூச்சு வாங்கியதற்குக் கட்டம் இல்லை.

அடுத்த தகடு திங்கட்கிழமை.
ராட் மாற்றுகிற இடங்களை அரைத்து மட்டமாக்கித் தருகிறேன் என்று
அரைவாசித் தேத்தண்ணியோடு எழும்பிப் போனார்.

பின்னேர பஸ் பழைய பாலத்தில் ஏறியது.
முன்சில்லு, பின்சில்லு.
இரண்டு.