டைஸ்டோவுக்கு, சனிக்கிழமை குறித்து

டைஸ்டோ,
காலை ஒன்பது நாற்பது, ஏழாம் எண் பேருந்து.
பின்வரிசையில் உட்கார்.
இரண்டாம் நிறுத்தத்தில் நான் ஏறிக்கொள்கிறேன்.
குப்பைமேடு என்று ஓட்டுநரிடம் கேட்டுவைக்காதே,
சின்னப் பையன், அவனுக்குத் தெரியாது.
அந்த இடத்துக்கு இப்போது வானம்பாடிக் குன்று என்று பெயர்.
வானம்பாடி இன்னும் வரவில்லையாம்.
பெயரை முதலில் வைத்துவிட்டு
காத்திருக்கிறார்கள்.

மழைக்கு அறுபது சதவீதம் என்கிறது வானொலி.
மிச்ச நாற்பதை நம்பிக் கிளம்புவோம்.
புல்லில் உண்ணி உண்டு.
ரப்பர் பூட்ஸ் போடு, பேண்ட்டைக் காலுறைக்குள் செருகு.
பார்க்கச் சகிக்காதுதான்.
உன்னைப் பார்க்க இனி யார் இருக்கிறார்கள்,
என்னைத் தவிர?

காபி என் பொறுப்பு, இரண்டு பிளாஸ்க்.
ஏலக்காய் ரொட்டி நீ வாங்கு, மலிவானது வேண்டாம்.
காகிதப் பையை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்,
பூங்காவில் குப்பைத்தொட்டி கிடையாது.
சிரிக்காதே.
வரைபடத்தைப் பூதக்கண்ணாடி வைத்தே தேடிவிட்டேன்.
உங்கள் குப்பையை வீட்டுக்கே கொண்டுசெல்லுங்கள்
என்று அச்சடித்திருக்கிறார்கள்,
நாற்பது வருடம் இந்த ஊர்
வீட்டிலிருந்து கொண்டுபோய்க் கொட்டிய இடத்தில்.

நீலப் பாதை சுலபம். மஞ்சள் கொஞ்சம் ஏற்றம்.
சிவப்பு நமக்கில்லை.
உன் முழங்கால் மஞ்சளைத் தாங்காவிட்டால்
பாதிவழியில் தவளைக் குளம், பலகை மேடை.
அந்தக் குளம் எழுபத்தொன்பதாம் வருடத்துக் குளிர்பெட்டிகள்.
அதற்கு வடக்கே வண்ணத்துப்பூச்சிப் புல்வெளி,
அது துறைமுகப் பள்ளியை இடித்த செங்கல்,
அதன்மேல் இரண்டு குளிர்காலத்துக் கிறிஸ்துமஸ் மரங்கள்.
எனக்கு வழிகாட்டி எதற்கு?
இருபத்தாறு வருடம் எடைமேடைச் சாவடியில் உட்கார்ந்து
ஒவ்வொரு லாரியையும்
நிறைந்து வரும்போது ஒருதரம்
காலியாய்ப் போகும்போது ஒருதரம்
எழுதிவைத்தவள்.
இந்தக் குன்றின் எடை, கிலோ சுத்தமாக,
என் கையெழுத்தில் இருக்கிறது.
ஒரே ஒரு வரி தவிர.

உச்சியில் பெஞ்சு, போத்னியாக் கடலைப் பார்த்து.
பதினொன்றரைக்குள் போனால்தான் இடம் கிடைக்கும்.
பக்கத்தில் கழுத்து வளைந்த குழாயொன்று நிற்கும்.
உன் கண்ணுக்குக் கொக்கு மாதிரி தெரியலாம்.
அடியில் சேரும் வாயு வெளியேற வைத்தது.
காதை ஒட்டி வைத்தால்
இழுத்து இழுத்து மூச்சு விடுமாம்.

இன்னொரு விஷயம்.
எண்பத்தேழு மார்ச்சில்
சாவியை மேசையில் வைத்துவிட்டு ரய்லி வீட்டுக்குப் போனாயே,
உன் அக்கார்டியனை
வெய்க்கோ வந்து எடுத்துப்போனான் என்று சொன்னேன்.
சொந்தத் தம்பியிடம் நீ பதினொரு வருடம் பேசவில்லை.

வெய்க்கோ எடுக்கவில்லை.

லாரி ஏறும் எடைமேடை அது.
அக்கார்டியனை நடுவில் வைத்தேன்,
முள் அசையவே இல்லை.
அத்தனை கோபத்துக்கு
முள் அசையவே இல்லை, டைஸ்டோ.
கையால் தூக்கிப் பார்த்து
பதினொரு கிலோ, கலப்புக் கழிவு என்று எழுதி
உள்ளே அனுப்பினேன்.
உள்ளே என்றால், தோராயமாக,
அந்தப் பெஞ்சு.

மேலே போனதும் சொல்லலாம் என்றிருந்தேன்.
ஏறி மூச்சு வாங்கும் ஆளிடம்,
நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த ஆளிடம்,
அப்படிச் சொல்வது நியாயமில்லை.
இன்று செவ்வாய்.
கோபப்பட நான்கு நாள் இருக்கிறது உனக்கு.
வெய்க்கோவின் கல்லறைக்குப் போய்வரவும் போதும்.
அப்படியும் ஆறவில்லையென்றால்
முன்வரிசையில் உட்கார்.
ஏறும்போதே புரிந்துகொள்வேன்,
ஒன்றும் கேட்க மாட்டேன்.

திரும்பும் பேருந்து மூன்று பத்துக்கு.
விட்டால் ஐந்தே காலுக்குத்தான்.
குடை எடுத்து வா,
என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது.