வீடு இழுத்த நாள்

நியூஃபவுண்ட்லாந்தில் வளைகுடா உறைந்து கிடந்த மார்ச்.
வீட்டை அக்கரைக்குக் கொண்டுபோகிறேன் என்றேன்.
"யாரோடு?" என்றாள் டார்க்கஸ்.
என்னோடு.

பலகைக்குப் பலகை எண் எழுதி
நாய்வண்டியில் ஏற்றினால்
நானூற்றுப் பதினேழு நடை.
அறுபத்து மூன்றாம் நடையன்று
ஒரு சுவர் இல்லாத சமையலறையில்
கோட்டு போட்டுக்கொண்டு மாவு பிசைந்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
மாவை ஓங்கி அறைந்தாள், அவ்வளவுதான்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும்
அசரையா கயிற்றோடு வந்தான். நான் கூப்பிடவில்லை.
பின்னால் ஊரே.
அக்கரையிலிருந்து,
ஏழு வருஷமாய் என்னோடு பேசாத ஹெட்லியும்.

கழற்றிய சுவரைத் திரும்ப அடித்தார்கள்.
எண்களை ஒருவனும் பார்க்கவில்லை:
பன்னிரண்டுக்குப் பக்கத்தில் நாற்பது.

அடுப்பைக்கூட அணைக்கவில்லை.
புகைவிட்டபடி
பனிக்கட்டிமேல் நகர்ந்தது வீடு.
கத்தி இழுத்த ஐம்பது வாயிலும் புகை.
என் தோளிலும் கயிறு.
இதில் என் பாரம் எவ்வளவு என்று தெரியவில்லை.
அது எனக்குப் பிடிக்கவில்லை.
நடுவில், காலடியில் பனி முனகியது.
எல்லோரும் நின்றோம்.
ஹெட்லி கயிற்றை விடவில்லை.

கடலைப் பார்த்து வைப்பதாகத்தான் திட்டம்.
ஐம்பது பேரின் இழுப்புக்கு
அதற்கென்று ஒரு போக்கு.
இருட்டும்போது வாசல் திரும்பி நின்றது
ஹெட்லி வாசலுக்கு நேரே.

திருப்பித் தரச் சொல்லிக் கேட்கலாம்.
ஜாக்கி ஒன்று வாங்கி, தனியாக,
அங்குலம் அங்குலமாக நானே திருப்பலாம்.
வாங்கியும் வைத்திருக்கிறேன்.

பன்னிரண்டுக்கும் நாற்பதுக்கும் இடையே
காற்று நுழைகிறது. துணி திணிக்கிறாள் டார்க்கஸ்.
எதிர் ஜன்னலில் அவன் விளக்கு.
எத்தனை மணிக்கு அணைப்பான் என்பது
இப்போது எனக்குத் தெரியும்.