சாதி, இனம்

ஒலுமடுவுக்கு அங்கால், நொச்சிக்கட்டுக் குளத்தின்
அலைகரையில் அள்ளிய தண்ணீர்.
யசோரூபனின் மோட்டார் சைக்கிளில்
ஜாம் போத்தலுக்குள், என் மடியிலிருந்து வந்தது.
மாடுகள் இறங்கிய தடத்தால் மட்டும் இறங்கினோம்.
மற்றப் பக்கம் சிவப்புத் தலைக் கட்டைகள்
இன்னும் நட்டபடி.

கரண்ட் நிற்குமுன் பார்க்கவேண்டும்.
நுணுக்குக்காட்டிக்குள் முதலில்
தோடம்பழச் சுளை நிறத்தில் ஒரு பொட்டு,
பிறகு ஓரமெல்லாம் மயிரிழைப் போலிக்கால்கள்.
வாயில்லை. கண்ணில்லை.
முன்பக்கம் என்பது
அது போகிற பக்கம்தான்.

பாசியிழை ஒன்றில் ஏறி
கலம் கலமாய்த் தடவிப் போனது,
பூட்டுகளை இழுத்துப் பார்க்கிறவன் மாதிரி.
மூன்றைத் தாண்டியது, ஏனென்று தெரியாது.
நாலாவதில் ஒட்டிக்கொண்டது.
இருபது நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை.
தேத்தண்ணி ஆறிப் போனது.

பிறகு கலச்சுவரில் வட்டமாய் ஓர் ஓட்டை.
உள்ளே சுருள் சுருளாய்க் கிடந்த பச்சை முழுதும்
ஒரே இழுவையில் இதற்குள்.
ஒன்பது செக்கன்.
சுவர் மட்டும் நின்றது,
நேராக, வெளிச்சம் ஊடுருவ, ஓட்டையோடு.
இந்தமாதிரிச் சுவர்கள் எனக்குப் பழக்கம்.
அதை அறிக்கையில் எழுத முடியாது.
அமீபாவில் எனக்குக் கோபமும் இல்லை,
அதற்குப் பசி.

ஐந்து கலம் முடித்து, கால்களை உள்ளிழுத்து
சிறைப்பைக்குள் அடைந்தது ஒன்றரை நாள்.
பச்சை மண்ணிறமானது.
ஞாயிறு விடியப்புறம் நான்காய்ப் பிரிந்து
நான்கு வாசலால் வெளிக்கிட்டது,
கழிவு உருண்டையை அறைக்குள்ளேயே விட்டுவிட்டு.
வேறு பாசி போட்டுப் பார்த்தேன்.
தொடவில்லை. நாலு நாள் பட்டினி கிடந்தது.
பழைய பாசியைப் போட்டதும்
மூன்றைத் தாண்டி நாலாவதில் ஒட்டியது
என்று சொல்ல ஆசை. இல்லை,
இம்முறை முதலாவதிலேயே.

விவரணப் படிவத்தில் முதல் வரி, சாதி.
அடுத்தது, இனம்.
"இதுக்குமா?" என்று யசோரூபன் சிரித்தான்.
இரண்டாவதற்காக ஓமந்தையில்
வெயிலில் வரிசையில் நின்றிருக்கிறோம்.
முதலாவதை ஊரில் யாரும் கேட்டு எழுதுவதில்லை,
கேட்காமலே தெரிந்து வைத்திருப்பார்கள்.

சாதி: தெரிந்த எதற்குள்ளும் அடங்கவில்லை.
இனம்: புதிது.
உணவு: ஒருவகை இழைப்பாசி, உட்பொருள் மட்டும்.
பரம்பல்: மாடு இறங்கும் துறையில் கண்டது.
மற்றப் பக்கம்
இன்னும் பார்க்கப்படவில்லை.