ஏழாம் எண் குடில்

பம்பு ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை என்று
கிட்வேயிலிருந்து என்னை வரவழைத்தார்கள்.
ஒரு முழுநாள் பேருந்து, அப்புறம் மாவு லாரியின் முதுகு.
லுவாங்வா ஆற்றங்கரையில் எட்டுக் குடில்கள்.
பணியாளர் அறையில் கட்டில் இல்லை,
ஏழு காலியாக இருக்கிறது, அதில் படுத்துக்கொள் என்றாள்
மேலாளர் எஸ்னாத்.

கட்டில்மேல் வெள்ளைத் துண்டை அன்னமாக மடித்து வைத்திருந்தார்கள்.
கிரீஸ் கையால் கலைக்க மனமில்லை.
நாற்காலிக்கு மாற்றினேன்.
மூன்று இரவும் அங்கிருந்தே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மேசையில் ஒரு விசில். ஓர் அட்டை:
இருட்டிய பின் தனியே வெளியே வராதீர்கள்,
ஆபத்தென்றால் ஊதுங்கள்.
எது ஆபத்து என்று எழுதவில்லை.

சாப்பிட அழைத்துப்போக வந்த காவலாளி பெயர் மப்வூட்டோ.
இன்னல்கள் என்று பொருள்.
எந்த வருஷம் பிறந்தாய் என்றேன்.
மழை பொய்த்த வருஷம்,
சிரித்தபடி டார்ச்சைப் புதர்ப்பக்கம் திருப்பினான்.
புதர் நகர்ந்தது. நீர்யானை.
பழந்துணி கிழிவதுபோல் புல்லைப் பறித்துத் தின்றது.
பாதை அதனுடையது என்பதால்
நாங்கள் சுற்றிப் போனோம்.

பம்பில் பழுதில்லை.
காலையில் தோண்டினேன்:
இருபதடிக்கு ஓரிடத்தில் குழாய் நொறுங்கியிருந்தது.
கோடாலியல்ல, தந்தம்.
"உள்ளே தண்ணீர் ஓடுவது அவளுக்குக் கேட்கும்" என்றான் மப்வூட்டோ.
அவளா?
"இடக்காதில் ஓட்டை இருக்கும், பார்."
ஆறு அதோ கிடக்கிறதே என்றேன்.
"அக்டோபர் ஆற்றில் பாதி நீர்யானைச் சாணி.
நீ குடிப்பாயா?"

மார்ச்சில் அவன் சோளக்கொல்லைக்கு வந்ததும் அவள்தானாம்.
யானைப் பசிக்குச் சோளப்பொரி;
பொரியும்வரை அவள் பொறுக்கவில்லை.
மிளகாய் கலந்த சாணி வறட்டியைக் கொளுத்திப் பார்த்தான்.
தும்மிவிட்டு மறுபக்கமாக வந்தாள்.
ஒரு ராத்திரி, ஐந்து மாதச் சாப்பாடு.

மாலையில் அவளை ஜெர்மன் தம்பதிக்கு அவனே காட்டினான்,
காதை, ஓட்டையை, நடையை.
அவர்கள் கொடுத்த டிப்ஸில் இருபது கிலோ மாவு வரும்,
அதுவும் அவள் தயவுதான் என்று
விரல்விட்டுக் கணக்குச் சொன்னான்.
கணக்கு நேராகிறதா என்று நான் கேட்கவில்லை.

புதுக்குழாயை ஒரு மீட்டர் ஆழத்தில் இறக்கினேன்.
சுற்றிலும் பழைய மெத்தைப் பஞ்சு, மேலே மணல், மேலே கல்.
எட்டுக் குடிலிலும் தண்ணீர் விழுந்தது.
எஸ்னாத் கைதட்டினாள்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே.
இங்கே மணி கட்டியது யார்?
கொசுவலையை விலக்கினால்
என் பள்ளத்தின்மேல் நின்றிருந்தாள்.
துதிக்கை நுனி மண்ணில் மெல்ல நகர்ந்தது,
மருத்துவர் நெஞ்சில் குழல் வைத்து நகர்த்துவதுபோல்.
ஓரிடத்தில் நின்றது.
நகர்ந்தது.
திரும்ப வந்தது.
விசில் என் கையில். ஊதவில்லை.
கேட்டுவிடக் கூடாதே என்று நினைத்தேன்.
கேட்கட்டுமே என்றும்.

கேட்கவில்லை. போய்விட்டாள்.
நல்ல வேலை.

கண்ணயர்ந்த நேரம்
ஊர்ப்பக்கமிருந்து தகரம் தட்டும் சத்தம்.
ஒரு தகரம், பிறகு பல.
வெளியே மப்வூட்டோ டார்ச்சை அணைத்துவிட்டு நின்றான்,
எந்த வீட்டுக் குதிர் என்று காதால் அளந்துகொண்டு.
விடியும்வரை அவனுக்குப் பணி,
எட்டுக் குடில்களைக் காக்க வேண்டும்.

காலையில் "வேலை முடிந்தது" என்ற தாளில்
எஸ்னாத் கையெழுத்திட்டாள்.
மப்வூட்டோவை நான் பார்க்கவில்லை,
ஷிப்டு முடிந்து வீட்டுக்கு ஓடியிருந்தான்.

லாரி பள்ளத்தில் இறங்கியபோது
பையில் விசில் தட்டுப்பட்டது.
ஊதிப் பார்த்தேன்.
இரண்டு பபூன்கள் தலைதூக்கின,
மறுபடி பேன் பார்க்கத் தொடங்கின.