நானூற்றுப் பன்னிரண்டு மரங்கள்

ஜனவரி இரண்டாம் சனி.
கம்ப்ரியாக் கடலோரத்தில் விடிவது எட்டரைக்கு,
அதுவும் அரைமனதாக.
மூன்று வேன்கள், ஒரு குதிரை டிரெய்லர்,
ஜாக்கெட்டுக்கு மேல் ஸ்கார்ஃப் கட்டிய
நாற்பத்தோரு சாரணர்கள்.
பண்டிகை முடிந்த கிறிஸ்துமஸ் மரங்களை
வீடு வீடாகப் போய் எடுத்துவருவது
எங்கள் மாவட்டத்தின் வருஷ வேலை.
மரத்துக்கு எட்டு பவுண்டு.
ஒழுகும் கூரைக்கும், கிழிந்த கூடாரத்துக்கும்,
பணம் கட்ட முடியாத பிள்ளைகளின் முகாமுக்கும்
அந்த எட்டுகள்தான்.

நான் மாவட்டப் பொருளாளன்.
முடிச்சு ஒன்றும் போடத் தெரியாது;
என் ஷூ லேஸே நாளுக்கு நாலு முறை அவிழும்.
கையில் மழையில் ஊறிய பட்டியல்.
வேலியில் சாய்ந்து நின்றன மரங்கள்,
கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மாதிரி.

துறைமுகக் குழுவும் மேட்டுத்தெருக் குழுவும்
ஒரே வேனில் ஏறியது இந்த வருஷம்தான்.
தொண்ணூற்றெட்டு முகாமில் காணாமல் போன
ஒரு அலுமினியக் குண்டான் நடுவில் இருந்தது.
எடுத்தவர் யார், யாருக்கும் நினைவில்லை.
கோபம் மட்டும்
ஸ்டோர் ரூம் சாவியோடு சேர்ந்து
கைமாறிக் கைமாறி வந்திருந்தது.

பகல் பன்னிரண்டு. பிளெட்சரின் பண்ணை முற்றம்.
அரவை இயந்திரம் மரம் தின்னும் இரைச்சலில்
நாங்கள் எல்லோரும் வாயசைக்கும் மீன்கள்.
அப்போதுதான் குறுக்கே கைநீட்டினாள்
ஹானியா வில்க், எட்டு வயது.
குருளையர் படையில் சேர்ந்து ஆறே வாரம்,
உறுதிமொழிகூட இன்னும் எடுக்கவில்லை.

தண்டை ஒட்டி, ஊசியிலைகளுக்குள்,
கட்டைவிரல் அளவில் ஒரு கண்ணாடிப் பறவை.
வாலில் வெள்ளை இழைகள், பாதி உதிர்ந்து.

பிளெட்சர் இயந்திரத்தை அணைத்தார்.
வாடகை மணிக்கு அறுபது பவுண்டு என்றது என் மூளை.
வாய் சொல்லவில்லை.
அதற்காக என்னை நானே கொஞ்சம் மெச்சிக்கொண்டேன்.

மாவட்ட ஆணையர் வெண்டா ஆர்மிட்ஸ்டெட்,
வார நாட்களில் முப்பதாம் எண் பஸ் ஓட்டுபவர்,
ரப்பர் பூட்ஸோடு வந்து நின்றார்.
"எந்த வேன்?"
"ரெண்டாவது."
"அப்படின்னா நூற்று முப்பது வீடு."
பட்டியலைப் பார்த்தார். பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்.
"சூப் குடிச்சிட்டுக் கிளம்பலாம்."

சூப் வந்தது துறைமுகத்தார் கொண்டுவந்த குண்டானில்.
பிடியருகே ஏதோ எழுத்துகளைச் சுரண்டிய தடம்.
மேட்டுத்தெருக்காரர்கள் பார்த்தார்கள்.
பட்டாணி சூப், நல்ல சூடு.
இரண்டாம் கரண்டியும் கேட்டு வாங்கினார்கள்.

பிறகு கதவுகள்.
எங்களுடையது இல்லை.
எங்களுடையது இல்லை, உள்ளே வாங்க, நனையாதீங்க.
போன வாரமே எண்ணிப் பெட்டியில் வெச்சாச்சு.
பாதையெல்லாம் ஊசியிலை கொட்டிட்டுப் போனது நீங்கதானே?
(நாங்கள்தான். இரண்டு பேர் நின்று பெருக்கினார்கள்.)
பதினேழாம் எண்ணில் மரமே வைக்கவில்லையாம்,
பட்டியல் தப்பு, அதாவது நான் தப்பு.
ஆனாலும் அந்த மனிதர் பறவையைக் கேட்டு வாங்கி
வாசல் விளக்கடியில் நெடுநேரம் திருப்பிப் பார்த்து,
மூக்கை உறிஞ்சி, திருப்பித் தந்தார்.

நாலு மணிக்கு இருட்டிவிட்டது.
எண்பத்து மூன்றாம் வீட்டு வாசலில்
என் லேஸ் மறுபடி அவிழ,
கேட்காமலே குனிந்து கட்டினாள் ஹானியா.
"இது நழுவாது," என்றாள்,
"ஆனா அவுக்கறது எப்படின்னு இன்னும் சொல்லித் தரல."
அன்றிரவு ஷூவைக் கட்டியபடியே கழற்றினேன்.

மாத முடிவில் இருப்புக் கணக்கு.
மேட்டுத்தெரு ஸ்டோரில், கீழ் அலமாரியில்,
பளபளவென்று தேய்த்துக் கவிழ்த்த குண்டான்.
யார் வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை,
அவர்களும் சொல்லவில்லை.
எழுதினேன்:
குண்டான் ஒன்று. மூடி இல்லை.

பறவை கணக்கில் வராது.
அது ஹானியாவின் பென்சில் பெட்டியில், பஞ்சுக்குள்.
இன்னும் நாற்பத்தேழு வீடு பாக்கி.